மனுஷனைப் பத்தி ஒரு வகுப்பு

அவனை எல்லாரும் ‘கூலிங்’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஏசி மெக்கானிக் என்பதால் பாதிப் பெயர் வந்தது. யார் எவ்வளவு கத்தினாலும் பதிலுக்குக் கத்தாத ஆள் என்பதால் மீதி வந்தது. உச்சி வெயிலில் ஏசி நின்றுபோனால் மனிதர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அந்த வெயிலையே மெக்கானிக்தான் தயார் செய்து தங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்ததுபோல வாயில் வந்ததையெல்லாம் கொட்டுவார்கள். கூலிங் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வான். ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, “குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க” என்பான். தண்ணீர் எடுக்க உள்ளே போய்விட்டு வருவதற்குள் கத்தியவருக்குப் பாதிக் கோபம் இறங்கியிருக்கும்.

இந்த அமைதியைப் பார்த்து, அவனுக்குள் எதுவுமே கொதிக்காது என்று தெரிந்தவர்கள் எல்லாரும் நம்பினார்கள். உண்மையில் கூலிங் பெரிய பொறாமைக்காரன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் அவன் வளர்ந்தான். பக்கத்தில் பெரியப்பா வீட்டுக்கு ஒரு மேசை விசிறி வந்தது. கோடையில் இவனையும் அங்கே படுக்கச் சொல்வார்கள். விசிறி தலையைத் திருப்பித் திருப்பிக் காற்று வீசும். பெரியப்பா மகன் பக்கம் போனால் அது ஆற அமர நின்று வீசுவதாகவும், தன் பக்கம் வந்தால் மட்டும் அவசரமாகத் திரும்பிவிடுவதாகவும் கூலிங்குக்குத் தோன்றும். அதை யாரிடமும் சொன்னதில்லை. கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பான். வளர்ந்து ஏசித் தொழிலுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பொறாமை வந்தால் அவன் முகம் முன்னைவிட அமைதியாகிவிடும். அதைப் பார்த்துத்தான் அவன் மனைவி, ‘ஆளு உள்ளுக்குள்ள எரியறாரு’ என்று கண்டுபிடிப்பாள்.

அவள் நூலகத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். கடை முதலாளி வேறு ஊரில் இருந்ததால் கல்லா, மெஷின், காகிதம் எல்லாம் அவள் பொறுப்பு. அந்த வட்டாரத்தில் அவள் ‘ஜெராக்ஸ் அக்கா’.

கூலிங்கின் வாழ்க்கையில் அவனுக்கே அவனுக்கென்று இருந்த சொத்து ஒன்று உண்டென்றால், அது சாயங்காலப் பேச்சுதான். வேலை முடிந்து வந்து, கை கால் கழுவி, சமையலறை வாசலில் சுவரில் சாய்ந்து உட்காருவான். அவள் அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களை ஒவ்வொருவராகக் கொண்டுவந்து அவன் முன்னால் நிறுத்துவாள். தன் போட்டோ கறுப்பாக விழுந்ததற்கு மெஷினைத் திட்டிய பெரியவர். காதல் கடிதத்தை நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைக் கண்ணாடிக்கு அடியிலேயே மறந்துவிட்டுப் போன கல்லூரிப் பையன். ராஜினாமாக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்கலாமா வேண்டாமா என்று கடைக்காரியிடமே யோசனை கேட்ட மனிதர். அவள் ஒவ்வொருவர் குரலிலும் பேசிக் காட்டுவாள். கூலிங் சிரித்துச் சிரித்துப் புரையேறுவான். கதைகளின் சுவை ஒரு பக்கம் இருக்கட்டும். இதையெல்லாம் அவள் வேறு யாரிடமும் சொல்ல மாட்டாள் என்பதுதான் அவனுக்கு முக்கியம்.

இப்படி இருக்கும்போதுதான் நூலகத்தின் மாடியில் மாலை வகுப்பு ஒன்று ஆரம்பித்தது. யார் வேண்டுமானாலும் வரலாம். அதை நடத்தியவர் ஒரு கல்லூரி வாத்தியார். வகுப்பில் கொடுப்பதற்காகச் சில பக்கங்களை அவள் கடையில்தான் நகல் எடுக்கக் கொடுத்தார். மேலே ‘மனிதன், அவன் சுதந்திரம், அவன் சூழல்’ என்று தலைப்புப் போட்டிருந்தது. பாதியில் மெஷினுக்குள் ஒரு தாள் சிக்கிக்கொண்டது. மூடியைத் திறந்து அதை உருவி எடுக்கும்போது ஒரு வரி அவள் கண்ணில் பட்டது: ‘மனிதன் தன் வாழ்க்கையைத் தேர்ந்தெடுக்கிறானா, அல்லது அவன் நிற்கிற இடம்’ என்பதோடு தாள் கிழிந்திருந்தது. மீதி உள்ளே உருளையில் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கத்தைத் தனக்கென்று இன்னொரு நகல் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் சொன்னாள்.

“செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு கிளாஸுக்குப் போகலாம்னு இருக்கேங்க.”

“என்ன கிளாஸ்? கம்ப்யூட்டரா?”

“இல்ல. மனுஷனைப் பத்தி.”

“மனுஷனைப் பத்தி என்ன?”

“அது போனாத்தான் தெரியும்.”

“தினமும் கடையில பார்க்கிற மனுஷங்க பத்தலையா?” என்று கூலிங் சிரித்தான். “போயிட்டு வா. யாரு வேணாம்னா?”

கூடத்தில் கைபேசியில் மூழ்கியிருந்த அவர்களுடைய மகள் தலையைத் தூக்காமலே, “அம்மா, அப்பாவைப் பத்தியும் அங்க ஒரு பாடம் வைக்கச் சொல்லுங்க” என்றாள். மூவரும் சிரித்தார்கள்.

முதல் சில வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சாயங்காலப் பேச்சில் இடைவெளி விழ ஆரம்பித்தது. ஒரு ஆளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பவள், பாதியில் நிறுத்திவிட்டுக் கரண்டியைக் கையில் பிடித்தபடி அடுப்பையே பார்ப்பாள். கூலிங் காத்திருப்பான். கதை திரும்பி வராது. அவள் வேறு எங்கேயோ போயிருப்பாள்.

ஒருநாள் கேட்டாள். “ஏங்க, நீங்க இந்த வேலைக்கு நீங்களாவா வந்தீங்க?”

“பின்ன, யாராச்சும் தூக்கிட்டு வந்து போட்டாங்களா?”

“அதில்ல. வேற எதுவும் செஞ்சிருக்கலாம்ல? அப்படி ஒரு வழி இருந்தது உங்களுக்குத் தெரிஞ்சுதா, தெரியாமலே வந்துட்டீங்களா?”

“இப்ப இந்த வேலைக்கு என்ன குறைச்சல்?”

“குறைச்சல்னு யாரு சொன்னா? கேட்டேன், அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் என்று அவள் சொன்னாலும் அவனுக்கு அது அவ்வளவோடு முடியவில்லை. மறுநாள் ஒரு வீட்டில் வடிகட்டியைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தபோது, தகரக் கூரை ஞாபகம் வந்தது. வெயிலைக் கண்டு பயந்துதான் இந்த வேலைக்கு வந்தோமோ என்று ஒரு யோசனை ஓடியது. அந்த யோசனை அவனுக்குப் பிடித்திருந்தது. அதைத் தனக்குள் கிளப்பிவிட்டது வேறொருவன் என்று நினைத்தபோது பிடிக்காமல் போய்விட்டது.

ஏனென்றால் இப்போதெல்லாம் அவள் பேச்சில் ‘சார் சொன்னார்’ அடிக்கடி வந்தது. செடிக்கு மண் மாதிரி மனிதனுக்கு அவன் சுற்றுப்புறம் என்று ஒரு கட்சி இருக்கிறதாம், சார் சொன்னார். அப்படியெல்லாம் இல்லை, கையைக் கட்டிப் போட்டாலும் மனிதன் உள்ளுக்குள் தன் முடிவைத் தானே எடுக்கிறான் என்று இன்னொரு கட்சி இருக்கிறதாம், அதையும் சார்தான் சொன்னார். ‘ரெண்டுல உங்க சார் எந்தக் கட்சி?’ என்று கூலிங் ஒருதரம் கேட்டான். “அதைத்தான் அவரு சொல்லவே மாட்டேங்கறாரு” என்று அவள் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மகள் அவனைப் பார்த்து, “அப்பா, ‘சார்’னு சொன்னாலே உங்களுக்கு மூக்கு விடைக்குது” என்றாள். “ஜலதோஷம்” என்றான் அவன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வேலையைச் சீக்கிரம் முடித்தான். வீட்டுக்கு வந்து குளித்து, வெளியே போட்டுப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு, அவளை அழைத்துவர நூலகத்துக்குப் போய்ப் படிக்கட்டுக்குக் கீழே நின்றான். அந்த ஆளை அவன் மனதில் ஏற்கெனவே முழுசாகக் கட்டி வைத்திருந்தான். நல்ல உயரம், கனமான குரல், நெற்றியில் விழுகிற முடி. வகுப்பு முடிந்து முதலில் இறங்கி வந்தவர் ஒரு குட்டையான மனிதர். தலையில் முடி எண்ணிவிடலாம் போலத்தான் இருந்தது. தோள்பையின் வார் அறுந்து ஊக்கு போட்டுச் சேர்த்திருந்தது. படிக்குப் படி நின்று தும்மிக்கொண்டே வந்தார். பழைய புத்தகத் தூசி அவருக்கு ஆகாது. “வரேன் சார்” என்று மேலிருந்து யாரோ கத்தியபோதுதான் இவர்தான் அவர் என்று கூலிங்குக்குத் தெரிந்தது.

நியாயமாகப் பார்த்தால் அத்தோடு அவன் வயிற்றெரிச்சல் அடங்கியிருக்க வேண்டும். இவரைப் பார்த்தா இத்தனை நாள் பொருமினோம் என்று அவனே சிரித்திருக்க வேண்டும். ஆனால் அதற்குள் மாடியில் ஒரு கூட்டுச் சிரிப்பு எழுந்தது. அதில் அவளுடைய சிரிப்பும் இருந்தது. எதையோ சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தபடி இன்னும் சிலரோடு இறங்கி வந்தாள். இவனைக் கண்டதும் சிரிப்பு பாதியில் நின்றது. பயந்து நிறுத்தவில்லை. ஒரு அறையிலிருந்து வெளியே வரும்போது விளக்கை அணைக்கிறோமே, அப்படி இயல்பாக நிறுத்தினாள்.

“என்ன சிரிப்பு?” என்றான் வண்டியை எடுத்தபடி.

“அதா? ஒண்ணுமில்ல. சொன்னாப் புரியாதுங்க. அங்க இருந்திருந்தாத்தான்.”

வண்டியை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டினான். அவன் எரிச்சல் அந்தத் தும்மல்காரர் மேல் இல்லை என்று அவனுக்கு அப்போது விளங்கிவிட்டது. வேறு ஆண் என்றால்கூடச் சண்டை போடலாம், முறைக்கலாம், ஒரு கேள்வி கேட்கலாம். தன் மனைவிக்குத் தன்னை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போக ஒரு இடம் கிடைத்திருக்கிறது என்றால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அந்தச் சமயத்தில்தான் நூலக மாடியின் ஏசி நின்றுபோனது. அந்த நூலகத்துக்கு ஏசி பார்க்கிற ஆள் கூலிங்தான். நூலகர் அம்மா போன் செய்தார். போய் மூடியைக் கழற்றிப் பார்த்தான். கெப்பாசிட்டர் உப்பியிருந்தது. டப்பா மாதிரி ஒரு சின்னச் சாமான், அவன் பையிலேயே புதிது ஒன்று இருந்தது. மாற்றிப்போட ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். அவன் மூடியைத் திரும்பப் போட்டு முடுக்கினான்.

“கம்ப்ரசர் போயிருக்கும் போல மேடம். புதுசு வரவழைக்கணும். கொஞ்ச நாள் ஆகும்.”

“ஐயையோ, செவ்வாய்க்கிழமை கிளாஸ் இருக்கே” என்றார் நூலகர்.

“அந்த ரூம்ல ஜன்னலும் கிடையாது. உட்கார முடியாது மேடம்” என்றான் கூலிங், முகத்தை மிக அமைதியாக வைத்துக்கொண்டு. தொழிலில் அவன் சொன்ன முதல் பொய் அது. கீழே இறங்கி வரும்போது கால் லேசாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் வீட்டில் இருப்பாள் என்று நினைத்து, கடைத்தெருவில் அவளுக்குப் பிடித்ததை வாங்கிக்கொண்டு சீக்கிரம் வந்தான். வீட்டில் மகள் மட்டும்தான் இருந்தாள். மனைவி இருட்டுகிற நேரத்துக்குத்தான் வந்தாள், முகமெல்லாம் வியர்த்து, கண் மின்ன.

“ஏசி இல்லைன்னு பின்பக்க முற்றத்துல மரத்தடியில உட்கார்ந்துட்டோம்ங்க. இத்தனை நாள்ல இன்னிக்குத்தான் கிளாஸ் பிரமாதம். சுத்துப்புறத்தைப் பத்திப் பேசறோம், நாலு சுவத்துக்குள்ள அடைச்சுக்கிட்டுப் பேசினா எப்படி? ஏசி நின்னதும் நல்லதுக்குத்தான்.”

கூலிங் வாங்கி வந்த பொட்டலத்தை மேசைமேல் வைத்தான். “நல்லது” என்றான்.

அடுத்த வாரம் அவனால் பொறுக்க முடியவில்லை. ஏசியைப் பார்க்கிற சாக்கில், வகுப்பு தொடங்கும் முன்பே நூலகத்தின் பின்பக்கம் ஏறினான். மாடி ஏசியின் வெளி யூனிட் பின்வாசலுக்கு மேல் இருந்த சின்னத் தளத்தில் இருந்தது. தாழ்வான கைப்பிடிச் சுவரை ஒட்டி உட்கார்ந்தால் கீழே முற்றத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது, அவர்கள் பேசுவதெல்லாம் கேட்கும். யூனிட்டின் மூடியைக் கழற்றி, ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு, வேலை செய்கிற தோரணையில் உட்கார்ந்தான்.

கீழே வாத்தியார் தும்மாமல் பேசிக்கொண்டிருந்தார். திறந்த வெளி அவருக்கு ஒத்துக்கொண்டது போலும். “நாம போன வாரம் எங்க நிறுத்தினோம்? ஒருத்தர் செய்யற தேர்வு அவரோட முடிஞ்சுடுதா, சுத்தி இருக்கிறவங்க மேலயும் விழுதா? யாராச்சும் உங்க வாழ்க்கையிலருந்தே ஒண்ணு சொல்லுங்க.”

முதலில் வந்தது அவள் குரல்தான்.

“எங்க கடைக்கு எதிர்ச் சுவத்துல ஒரு ஆபீஸோட ஏசி மாட்டியிருக்கு சார். உள்ள இருக்கிறவங்களுக்குக் குளிரு. அதோட அனலு நேரா எங்க கவுண்டர் மேல அடிக்கும். மத்தியானத்துல முகத்துக்கு நேரா அடுப்பைக் காட்டின மாதிரி இருக்கும். பேப்பரெல்லாம் ஓரம் சுருண்டுக்கும். நான் அங்க வேலைக்குச் சேர்ந்ததுலருந்து அப்படித்தான். அதை மாட்டினது என் வீட்டுக்காரர்.”

கீழே சிரிப்பு எழுந்தது. மேலே கூலிங்கின் கை ஸ்பானரோடு அப்படியே நின்றது.

“அவருதான்னு எப்படித் தெரியும்?” என்றது ஒரு வயதான குரல். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர் வகுப்புக்கு வருகிறார் என்று அவள் சொல்லியிருந்தாள்.

“குழாய்க்கு டேப் சுத்தி முடிக்கிற இடத்துல ஒரு மடிப்பு வைப்பாரு சார். உரிக்க வசதியா. வேற யாரும் அப்படி வைக்கறதில்ல.”

“அப்ப அது அவர் சுதந்திரமா செஞ்ச தேர்வுதானே?” என்றார் வாத்தியார்.

“அப்படியும் சொல்ல முடியல. முன்பக்கம் மாட்டினா அழகு கெட்டுடும்னு ஆபீஸ்காரங்க சந்துப் பக்கம் மாட்டச் சொல்லியிருப்பாங்க. எதிர்ல அப்ப பூட்டின கடை. அவரு கண்ணுக்குச் சுவருதான் தெரிஞ்சிருக்கும், ஆளு தெரிஞ்சிருக்காது. நம்ம கண்ணுக்கு எது படுதோ அதுக்குள்ளதான சார் தேர்ந்தெடுக்கிறோம்?”

அவள் சொன்னது அத்தனையும் சரி. கூலிங்குக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. ஆபீஸ் மேலாளர் சந்துப் பக்கத்தைக் காட்டி, ‘அந்தப் பக்கம் யாரு இருக்கா, அங்க போடு’ என்றார். இவனும் எதிரில் பூட்டிய ஷட்டரைப் பார்த்துவிட்டுச் சுவரில் துளை போட்டான். அவள் அந்தக் கடையில் சேர்ந்த பிறகு, கடைக்கு அவன் போனதெல்லாம் விடுமுறை நாட்களில். ஆபீஸ் மூடியிருக்கும், ஏசி ஓடாது.

“அவர்கிட்ட சொல்லியிருந்தா மாத்தியிருப்பாரேம்மா” என்றார் வங்கிக்காரர்.

“மாத்தியிருப்பாரு. அன்னிக்கே ஏணியைத் தூக்கிட்டு வந்திருப்பாரு.”

“பின்ன ஏன் சொல்லல?”



“தெரியல சார். கடையில நடக்கிறது ஒண்ணு விடாம அவர்கிட்ட சொல்லிடுவேன். அவருக்கும் அது வேணும். இது ஒண்ணை மட்டும் சொல்லல. எனக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்னு தோணிச்சோ என்னவோ. அனலா இருந்தாலும் பரவால்லைன்னு.”

யாரும் சிரிக்கவில்லை. வாத்தியார்கூட அதற்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. “இதை அப்படியே வெச்சுக்குவோம்” என்று மட்டும் சொன்னார்.

மேலே உட்கார்ந்திருந்தவனுக்கு அவள் பட்ட அனலை நினைத்து மனம் இளகியிருக்க வேண்டும். அது பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பொறாமைதான். எத்தனை வருஷச் சாயங்காலங்கள். எத்தனை பேரைக் கொண்டுவந்து தன் முன்னால் நிறுத்தினாள். ஆனால் எல்லாவற்றிலும் பெரிய கதையை எடுத்து, தும்முகிற ஒரு வாத்தியாருக்கும் ஒரு வங்கிக்காரருக்கும் பேர் தெரியாத நாலு பேருக்கும் கொடுத்துவிட்டாள். தன் டேப் மடிப்பைக்கூட அவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள். அவள் அதைக் கவனித்து வைத்திருக்கிறாள் என்பதே அவனுக்குத் தெரியாது. அதை நேரில் அவனிடம் சொல்லியிருந்தால் அவன் எவ்வளவு நாள் அந்தச் சந்தோஷத்தில் நடமாடியிருப்பான்.

அப்போது பின்வாசலுக்கு வந்த நூலகர் அண்ணாந்து பார்த்து, “என்ன தம்பி, கம்ப்ரசர் வந்துடுச்சா? மேல ஏறினதைச் சொல்லவே இல்லையே” என்று உரக்கக் கேட்டார்.

முற்றத்தில் இருந்த எல்லாத் தலைகளும் மேலே திரும்பின. கூலிங் எழுந்து நின்றான். வேறு என்ன செய்வது? “பார்த்துட்டிருக்கேன் மேடம்” என்றான். நூலகர் குரல் கேட்டதும், வேலை செய்வதாகக் காட்ட அவசரமாகப் பையிலிருந்து எடுத்த புதிய கெப்பாசிட்டர் அவன் கையில் இருந்தது. அந்தத் தகர டப்பா எது, எதற்கு ஆகும் என்பது அவன் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பழையதெல்லாம் ஒரு வாளி நிறையச் சமையலறை மூலையில் கிடந்தது. அவள் அவன் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். பார்வையைத் தாழ்த்திக்கொண்டு தன் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தாள்.

வகுப்பு முடிந்ததும் வண்டியில் ஏறாமல், வா நடப்போம் என்பதுபோல அவள் முன்னால் நடந்தாள். அவன் வண்டியை உருட்டிக்கொண்டு கூடவே போனான்.

“கெப்பாசிட்டர்தானே?” என்றாள்.

“ஆமா.”

“போன வாரமே தெரியுமா?”

“தெரியும்.”

“சாரைப் பார்த்தா உங்களுக்கு இத்தனை எரிச்சல்? அவரு பாவம், தும்மறதுக்கே நேரம் பத்தலை.”

“அவரைப் பார்த்து இல்ல.”

“பின்ன யாரைப் பார்த்து?”

கூலிங் வண்டியை நிறுத்திவிட்டு நின்றான். இதைச் சொல்வது எப்படி என்று அவனுக்குத் தெரியவில்லை. இதுவரை எந்தப் பொறாமையையும் அவன் வாய் திறந்து சொன்னதில்லை.

“உன்னைப் பார்த்துத்தான்” என்றான். “உனக்கு யோசிக்க ஒரு இடம் இருக்கு. எனக்கு உன்னை விட்டா யாரு இருக்கா? நான் நாள் பூரா அடுத்தவன் வீட்டுச் சுவத்தைப் பார்த்துட்டு, உன் பேச்சைக் கேட்கத்தான் வீட்டுக்கு வரேன்.”

அவள் கோபமாகத்தான் இருந்தாள். அதனால் உடனே இரங்கிவிடவில்லை. “அதுக்காக என் இடத்தைப் பூட்டிடுவீங்களா?” என்று கேட்டுவிட்டு நடந்தாள். அவன் வண்டியை உருட்டிக்கொண்டு பின்னால் போனான்.

மறுநாள் காலையில் நூலகத்துக்குப் போய்க் கெப்பாசிட்டரை மாற்றினான். “கம்ப்ரசர் நல்லாத்தான் இருக்கு மேடம். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்” என்றான். “உங்களுக்குக்கூடத் தப்பாகுமா?” என்று அவர் நம்பாமல் கேட்டது அவனுக்குக் குத்தியது. வேடிக்கை என்னவென்றால், ஏசி சரியான பிறகும் வகுப்பு மாடிக்குத் திரும்பவில்லை. வாத்தியாருக்கு மரத்தடி பிடித்துவிட்டது. புத்தகத் தூசி இல்லை.

பிறகு கூலிங் சந்து ஆபீஸின் வேலையில் இறங்கினான். ஒரு வேலைநாள் மத்தியானம் போய் அவள் கவுண்டருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவள் நகல் எடுத்துக்கொண்டே, “என்ன வேணும் சார், ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?” என்றாள். கோபம் முழுசாகப் போகவில்லை என்பது அதில் தெரிந்தது.

ஆபீஸ் மேலாளரிடம் யூனிட்டை இடம் மாற்றலாமா என்று கேட்டான். “நல்லா ஓடறதுல ஏன்ப்பா கையை வைக்கறே? யாரும் புகார் சொல்லலையே” என்றார் அவர். சரி, மாற்ற வேண்டாம் என்று தகடு ஒன்றை வளைத்து, காற்று மேல்பக்கம் போகும்படி யூனிட்டின் முன்னால் பொருத்தினான். கவுண்டரில் அனல் நின்றது. மறுநாளே கடைக்கு மேல் மாடியில் குடியிருந்த தையல்காரம்மா இறங்கி வந்து, “எந்தப் புண்ணியவான் செஞ்ச வேலை இது? என் ஜன்னலைத் திறக்க முடியல” என்று சந்து கேட்கச் சத்தம் போட்டார். கூலிங் தன் வழக்கப்படி அமைதியாகக் கேட்டுக்கொண்டான். ஆனால் தண்ணீர் கேட்கவில்லை. இந்தத் தடவை அந்த அனலைத் தயார் செய்து அனுப்பியது உண்மையிலேயே அவன்தான்.

திரும்பவும் மேலாளரிடம் போனான். தையல்காரம்மாவையும் கூடவே அழைத்துப் போனான். அவர் பேச்சுக்கு மேலாளர் ஈடுகொடுக்க முடியாமல், “எங்க வேணாலும் கொண்டுபோய் வை, என்னை விடு” என்றார். ஒரு விடுமுறை நாளில், செப்புக் குழாயை நீட்டி, யூனிட்டைத் தனியாளாக மொட்டைமாடிக்கு ஏற்றினான். சாயங்காலம் முதுகைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னான். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தான் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

“இப்ப எங்க போகுது அந்த அனல்?” என்றாள்.

“வானத்துக்கு.”

“அங்க யாரு கடை வெச்சிருக்காங்களோ.”

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

“நல்லதுதாங்க. மூச்சு விட முடியுது. ஆனா நான் உங்களைக் கேட்கலையே. அன்னிக்குச் சொன்னது உங்களுக்குச் சொன்னதில்ல. நீங்க ஒளிஞ்சிருந்து கேட்டதால எனக்கு ஒரு நல்லது நடந்திருக்கு. சந்தோஷப்படறதா கோவப்படறதான்னு எனக்கே தெரியல.”

“ரெண்டும் படு” என்றான் கூலிங். அவனுக்கு அதற்கு மேல் தோன்றவில்லை. அவள் முதுகில் தடவ மருந்தை எடுத்து வந்தாள்.

சாயங்காலப் பேச்சு பிறகு திரும்பவும் ஆரம்பித்தது. முன்போல் ஒன்று விடாமல் இல்லை. சில நாள் ஒரு கதை தொடங்கி, அவன் கண்ணைப் பார்த்துவிட்டு, வேறு பக்கம் திருப்பிவிடுவாள். எந்த இடத்தில் தாண்டினாள் என்பது அவனுக்குத் தெரியும். கேட்கலாமா என்று வாய் வரைக்கும் வரும். தண்ணீரைக் குடித்து அதை இறக்கிவிடுவான். நீங்களும் வகுப்புக்கு வாங்களேன் என்று அவள் ஒருதரம் கூப்பிட்டாள். அவன் போகவில்லை. போனால் அது அவள் இடமாக இருக்காது என்று அவனுக்குப் பட்டது. அப்படி நினைத்துப் பெருமைப்பட்ட அதே நிமிஷத்தில், வங்கிக்காரருக்கு மட்டும் அந்த மரத்தடியில் இடம் இருக்கிறதே என்று எரிந்தது.

பருவம் மாறும் சமயத்தில் வாத்தியார் அவளையே ஒருநாள் வகுப்பு எடுக்கச் சொன்னார். எதைப் பற்றி என்று வீட்டில் யாருக்கும் அவள் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பார்த்தாள். கூடத்தில் கூலிங் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது, வார்த்தை தெளியவில்லை. நடுவில் ஒருதரம் அவளே எதற்கோ சிரித்தாள்.

மகள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “உள்ள போய் உட்கார்ந்து கேளுங்களேன்ப்பா.”

“கூப்பிடட்டும்.”

“கூப்பிடலைன்னா?”

“செவ்வாய்க்கிழமை எல்லாரும் கேட்டப்புறம் கேட்டுக்கறேன்” என்றான். ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, படத்தை மட்டும் பார்க்க ஆரம்பித்தான்.